அனுமதிக் கடிதம் எழுதும் அதிகாரி

படித்து முடித்ததும் என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று பத்தாம் வகுப்பு மாணவியைக் கேட்டுப் பாருங்கள். டாக்டர், ஆசிரியை, நர்ஸ், வங்கி அதிகாரி, கலெக்டர் என்று ஐந்தாறு பதில்களுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஆகவே சமூக அறிவியல் நடத்தும் எங்கள் சிஸ்டர் இவ்வாண்டு ஒரு நிபந்தனை போட்டார். நம் பள்ளி மலரில் இதுவரை யாரும் எழுதாத ஒரு வேலையைப் பற்றி ஒவ்வொரு குழுவும் படித்து எழுத வேண்டும். எங்கள் ஐவர் குழுவுக்குக் குலுக்கல் சீட்டில் வந்தது, 'பொருளாதாரத் தடைகளில் அனுமதி வழங்கும் அரசு அதிகாரி'. சீட்டைப் பிரித்தவள், "சிஸ்டர், வேறு சீட்டு எடுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டது உண்மைதான். சிஸ்டர் சிரித்துவிட்டு அடுத்த குழுவிடம் போய்விட்டார்.

முதல் நாளே ஒரு குழப்பம். பொருளாதாரத் தடைக்கு ஆங்கிலத்தில் 'சாங்ஷன்' என்று பெயராம். நம் வீடுகளிலோ 'லோன் சாங்ஷன் ஆகிவிட்டது' என்றால் அப்பா இனிப்பு வாங்கி வருவார். கொடுப்பதற்கும் தடுப்பதற்கும் ஒரே சொல்லா என்று வியந்தோம். ஆனால் படிக்கப் படிக்க, இந்த அதிகாரியின் வேலைக்கு அந்த இரட்டைப் பொருள் நன்றாகவே பொருந்துகிறது என்று தோன்றியது. தடை போட்ட அரசாங்கமே, அந்தத் தடைக்குள் யாருக்கு வழிவிடலாம் என்று பார்ப்பதற்கும் ஒருவரை நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறது.

ஒரு நாடு அண்டை நாட்டின்மீது படையெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மற்ற நாடுகள் பதிலுக்குப் போர் தொடுக்காமல், 'உன்னோடு வாங்கல் விற்றல் இல்லை, எங்கள் வங்கிகளில் உள்ள உன் பணத்தைத் தொட விடமாட்டோம்' என்று சொல்வதே பொருளாதாரத் தடை. 1940 ஏப்ரலில் ஜெர்மனி டென்மார்க்கையும் நார்வேயையும் பிடித்தபோது, அமெரிக்க அரசு தன் நாட்டு வங்கிகளில் இருந்த அவ்விரு நாடுகளின் பணத்தை முடக்கியது. பணம் ஹிட்லரின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதே காரணம். பிறகு கொரியப் போரில் சீனா இறங்கியதும், 1950 டிசம்பரில் சீன, வடகொரியச் சொத்துகள் முடக்கப்பட்டன. அப்போது தோன்றியதுதான் வாஷிங்டனில் நிதித்துறையின் கீழ் இன்றும் இயங்கும் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம். சுருக்கமாக 'ஓஃபாக்' என்கிறார்கள். நாங்கள் அதிகம் படித்தது இந்த அலுவலகத்தைப் பற்றித்தான்.

அங்கே கொடுக்கும் அனுமதி இரண்டு வகை. இதைப் புரிந்துகொள்ள நம் பள்ளி வாசலைப் பார்த்தாலே போதும். விளையாட்டு விழா முடிந்ததும் 'எல்லாரும் நான்கு மணிக்குப் போகலாம்' என்று மதர் அறிவித்தால் அது பொது அனுமதி. அறிவிப்பில் சொன்னபடி நடக்கும் எவரும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கடிதம் கொண்டு வந்து கேட் பாஸ் வாங்கிப் போனால் அது தனி அனுமதி. வாசலில் அண்ணன் வந்திருக்கிறார் என்றால், அவர் உண்மையாகவே அண்ணன்தானா என்றும் பார்ப்பார்கள் அல்லவா? அந்த அதிகாரியும் அப்படித்தான். அனுப்புகிறவர் யார், வாங்குகிறவர் யார், என்ன பொருள், எவ்வளவு, எந்த வங்கி வழியாகப் பணம் போகிறது என்று விண்ணப்பத்தைக் கேள்வி கேட்கிறார். பெயர்களைத் தடைப் பட்டியலோடு ஒத்துப் பார்க்கிறார். வெளியுறவுக் கொள்கை சம்பந்தப்பட்டால் வெளியுறவுத் துறையின் கருத்தையும் கேட்கிறார். கடைசியில் கடிதம் எழுதும்போது நிபந்தனைகளும் முடிவுத் தேதியும் போட்டே எழுதுகிறார்.

இவ்வளவுதானா, வெறும் காகித வேலை என்று நாங்களும் முதலில் நினைத்தோம். பிறகுதான் பாம் நகரத்தைப் பற்றிப் படித்தோம்.

2003 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். ஈரானில் பாம் என்ற பழைய நகரம் விடியற்காலை நிலநடுக்கத்தில் இடிந்து விழுந்தது. இருபத்தாறாயிரம் பேருக்குமேல் இறந்தார்கள். (சரியாக ஓராண்டு கழித்து அதே நாளில்தான் சுனாமி நம் கடற்கரைக்கு வந்தது.) அமெரிக்காவில் இருந்தவர்கள் உதவிப் பணம் அனுப்பத் துடித்தார்கள். ஆனால் ஈரான்மீது தடை இருந்ததே! ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கேட் பாஸ் எழுதி வாங்கினால் இடிபாட்டுக்குள் இருப்பவர் என்ன ஆவார்? அந்த அலுவலகம் ஆண்டு முடிவதற்குள் 90 நாட்களுக்கு ஒரு பொது அனுமதி வெளியிட்டது. 2023 பிப்ரவரி 6-இல் துருக்கியிலும் சிரியாவிலும் நிலம் நடுங்கியபோதும் இப்படித்தான். மூன்றாம் நாளே, சிரியாவுக்கு உதவ 180 நாள் பொது அனுமதி வந்தது. சிரியாமீதான அந்தத் தடைத் திட்டம் 2025 ஜூன் 30-இல் முடித்துக்கொள்ளப்பட்டது.

இங்கே எங்களில் ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். மருந்துக்கும் உணவுக்கும் தடை பெரும்பாலும் இல்லை என்கிறார்களே, பிறகு எதற்கு அனுமதி? விசாரித்ததில் தெரிந்தது, பயம்தான் காரணம். தவறாகப் பணம் அனுப்பிய வங்கிக்குப் பெருந்தொகை அபராதம் விழும். ஆகவே 'எதற்கு வம்பு' என்று வங்கிகள் அனுமதி உள்ள பணத்தைக்கூட அனுப்பத் தயங்குகின்றன. அதிகாரியின் கடிதம் சட்டத்தைத் திறக்கும், வங்கி மேலாளரின் மனத்தைத் திறக்க அது மட்டும் போதாது. இந்தச் செய்தி எங்களை நிறைய யோசிக்க வைத்தது.

எங்கள் எல்லாருக்கும் மிகவும் பிடித்தது ஷிரின் எபாடி அம்மையாரின் வழக்கு. ஈரானில் நீதிபதியாக இருந்தவர் அவர். 1979 புரட்சிக்குப் பிறகு, பெண் நீதிபதியாக இருக்கலாகாது என்று சொல்லி, அவர் தலைமை வகித்த நீதிமன்றத்திலேயே அவரை எழுத்தராக்கினார்கள். 2003-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். தம் வாழ்க்கை வரலாற்றை அமெரிக்காவில் வெளியிட விரும்பினார். எழுதி முடித்து அச்சான புத்தகம் என்றால் தடையில்லை, அதற்கு 1988-லேயே சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் எழுதிக்கொண்டிருக்கும் புத்தகத்தைத் திருத்திக் கொடுப்பதும் ஆலோசனை சொல்வதும் 'சேவை'யாம். தடைக்குட்பட்ட நாட்டவருக்குச் சேவை செய்ய அனுமதி வேண்டுமாம்! எங்கள் கட்டுரையில் தமிழம்மா சிவப்பு மையால் ஒற்றெழுத்துப் போடுவது இவ்வளவு பெரிய சேவை என்று அன்றுதான் அறிந்தோம்.

எபாடி அம்மையார் அனுமதிக்காகக் கைகட்டி நிற்கவில்லை. 2004 அக்டோபரில் நியூயார்க்கில் வழக்குத் தொடுத்தார். பதிப்பாளர்களும் வழக்குப் போட்டிருந்தார்கள். தீர்ப்பு வரும்வரை அலுவலகம் காத்திருக்கவில்லை. டிசம்பரிலேயே இத்தகைய பதிப்பு வேலைகளுக்குப் பொது அனுமதி வெளியிட்டது. புத்தகம் 2006-இல் வந்தது. அதே விதி, அதே அலுவலகம். யாரோ ஒருவர் உட்கார்ந்து விதியை வேறு விதமாக எழுதியிருக்கிறார்.

தடை என்பது தூரத்து நாடுகளைப் பற்றியது மட்டுமல்ல, அடுப்பங்கரை வரைக்கும் வரும் என்பதை லண்டன் வழக்கு ஒன்றில் கண்டோம். பயங்கரவாதத் தொடர்பு என்று ஐ.நா. பட்டியலில் பெயர் சேர்க்கப்பட்ட சிலரின் மனைவிமார் அவர்கள். குடும்பத்துக்கு அரசு தரும் உதவித்தொகையைப் பெறுவதற்கும் பிரிட்டிஷ் நிதியமைச்சகத்தின் அனுமதிக் கடிதம் வேண்டியிருந்தது. கடிதத்தின் நிபந்தனைகளைக் கேளுங்கள். ரொக்கமாக எடுப்பது வீட்டில் ஆளுக்குப் பத்து பவுன்தான். மற்றதெல்லாம் வங்கி அட்டையில் செலவழிக்க வேண்டும். மாதா மாதம் எல்லாச் செலவுக்கும் கணக்கும் ரசீதும் நிதியமைச்சகத்துக்கு அனுப்ப வேண்டும். பட்டியலில் இருந்தது கணவர் பெயர், கணக்கு எழுதியது மனைவி. காய்கறி, பால், ரொட்டி ரசீதுகளை ஓர் அதிகாரி பிரித்துப் பார்க்கும் காட்சியை நினைத்தால் எங்களுக்குச் சிரிப்பும் வரவில்லை. 2010 ஏப்ரல் 29-இல் ஐரோப்பிய நீதிமன்றம், மனைவிக்குத் தரும் அந்த உதவித்தொகைக்குத் தடை பொருந்தாது என்று தீர்ப்பளித்தது.

இதையெல்லாம் படித்தபின், சிஸ்டர் ஒரு பாடவேளையில் எங்களையே அதிகாரிகளாக உட்கார வைத்தார். நான்கு பெஞ்சுகளை ஒன்றாக இழுத்துப் போட்டோம். எங்கள் முன் வந்த விண்ணப்பம் கற்பனைதான். தடையில் உள்ள ஒரு நகரத்தின் குடிநீர் நிலையத்துக்கு குளோரின் வேண்டும். அனுப்பாவிட்டால் குழந்தைகளுக்குக் காலராவும் டைபாய்டும் வரும். ஆனால் அதே குளோரின்தான் 1915 ஏப்ரல் 22-இல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் விஷவாயுவாகத் திறந்துவிடப்பட்டது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் உதவும் இவ்வகைப் பொருள்களால்தான் உண்மையான அதிகாரிகளும் திணறியிருக்கிறார்கள். 1990 ஆகஸ்டில் ஈராக்மீது ஐ.நா. தடை விதித்தபின், பாதுகாப்பு அவையின் 15 நாடுகளும் சேர்ந்த குழுவே இதைப் பார்த்தது. ஓர் உறுப்பினர் 'நிறுத்தி வை' என்றால் போதும், கோப்பு நின்றுவிடும். 2002-இல் அப்படி நின்றுகிடந்த ஒப்பந்தங்களின் மதிப்பு 500 கோடி டாலருக்கும் மேல். அனுமதித்தவற்றிலும் எல்லாம் நேராகப் போய்ச் சேரவில்லை. எண்ணெய்க்கு உணவு என்ற திட்டத்தில் சதாம் அரசு கள்ளத்தனமாக ஏறத்தாழ 180 கோடி டாலர் தேற்றிக்கொண்டது என்று 2005-இல் விசாரணைக் குழு கண்டறிந்தது.

ஆகவே எங்கள் பெஞ்சில் பெரும் வாக்குவாதம். அமெரிக்காவில் ஒரு கூட்டத்தார் அனுமதியே கேட்காமல் ஈராக்குக்கு மருந்தும் பொம்மைகளும் கொண்டுபோனார்கள், இருபதாயிரம் டாலர் அபராதம் விதித்தும் கட்ட மறுத்தார்கள், 2005-இல் நீதிமன்றம் உறுதி செய்தும் அவர்கள் மனம் மாறவில்லை என்பதை ஒருத்தி எடுத்துச் சொன்னாள். "தாகத்துக்குத் தண்ணீர் கொடுக்க எதற்கு முத்திரை?" என்று கேட்டாள். "கள்ளக் கடத்தல்காரனும் அதையேதான் சொல்லுவான், யாரென்று எப்படித் தெரியும்?" என்றாள் இன்னொருத்தி. இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. இன்னும் விவரம் கேட்டு எழுதலாம் என்று முடிவு செய்தோம். அப்போது மணி அடித்துவிட்டது.

சிஸ்டர் கரும்பலகையில் 'நிராகரிக்கப்பட்டது' என்று எழுதினார். நாங்கள் ஐந்து பேரும் எழுந்து, "இல்லை சிஸ்டர், நாங்கள் மறுக்கவில்லையே!" என்றோம். "இன்றைக்கு அந்த ஊருக்குக் குளோரின் போகவில்லையே" என்று சொல்லிவிட்டுச் சாக்கட்டியைக் கீழே வைத்தார். யாரும் பேசவில்லை.

மறுநாள் மதிய உணவு வேளையில் கெபி அருகே உட்கார்ந்து கடிதத்தை எழுதி முடித்தோம். மூன்று மாதத் தேவை மட்டும் அனுப்பலாம். பீப்பாய்கள் குடிநீர் நிலையத்துக்கு நேரே போக வேண்டும். காலிப் பீப்பாய்களை எண்ணித் திருப்பி அனுப்ப வேண்டும். செஞ்சிலுவைச் சங்கத்தார் ஒருவர் வந்து பார்க்க விட வேண்டும். கணக்குச் சரியாக இருந்தால் அடுத்த மூன்று மாதத்துக்கு மறுபடி கேட்கலாம். நான்கு பேர் கையெழுத்துப் போட்டோம். வாதத்தில் 'எப்படித் தெரியும்' என்று கேட்டவள் மட்டும் போடவில்லை. துறைமுகத்துக்கும் குடிநீர் நிலையத்துக்கும் நடுவில் உள்ள சாலையில் பீப்பாய்களை யார் எண்ணுவார்கள் என்று கேட்டாள். அதற்கு நாங்கள் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறோம்.