கரிய மணல்

திருச்சிராப்பள்ளியை அடுத்த காட்டூருக்கு வடக்கே காவிரி ஓடுகிறது. அதன் உலர்ந்த மணலிற் காந்தத்தைப் புரட்டி எடுத்தால், கரிய துகள்கள் மயிர்போல் ஒட்டி நிற்கக் காணலாம். அவை பெரும்பாலும் மாக்னடைட் என்னும் இரும்புக் கனிமமாகும். தேயாத துகளாயின், உருப்பெருக்கிக் கண்ணாடியில் அதன் எட்டு முகங்களும் புலப்படும். தூய மாக்னடைட்டில் நூற்றுக்கு 72 பங்கு இரும்பு உண்டு. வெயிலாலும் மழையாலும் சிதைந்த மலைகளிலிருந்து ஆறுகள் இத்துகள்களைச் சுமந்து வருகின்றன.

இக்கனிமம் மிகுந்த மலைகளுள் ஒன்று சேலத்தை அடுத்த கஞ்சமலை. அங்கே மாக்னடைட்டும் வெண்ணிறக் குவார்ட்சும் மாறிமாறி அடுக்குகளாக அமைந்துள்ளன. அப்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை.

1830ஆம் ஆண்டளவில் ஹீத் என்னும் ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நிறுவினார். சேலத்துக் கனிமம் அங்கே உருக்கப்பட்டது. உலைகளுக்கு மரக்கரியே எரிபொருள். மரங்கள் வெட்டுண்டு காடுகள் அருகின. கரி கிடைப்பது அரிதாயிற்று. அந்நூற்றாண்டிலேயே ஆலை மூடப்பட்டது. மலையில் இரும்பு தீரவில்லை; அதை உருக்கக் காடுதான் போதவில்லை.

கரிய துகளைச் சிறு குப்பியிலிட்டு, எடுத்த இடத்தையும் நாளையும் எழுதி வைத்தல் வேண்டும். இடம் அறியப்படாத துகள் வெறும் மணல். இடம் அறியப்பட்ட துகளோ ஒரு நாட்டின் வரலாறு.