மரம் நடுவதற்கா ஒரு டிகிரி?

சுற்றுச்சூழல் அறிவியலில் பட்டம் படிக்கப் போவதாக ஒரு பிள்ளை சொன்னால், கேரள-தமிழக எல்லையை ஒட்டிய காரோடு, பாறசாலை பக்கத்தில் எழும் முதல் கேள்வி இதுதான்: மரம் நடுவதற்கு எதற்கு மூன்று வருடப் படிப்பு? இந்த நினைப்பு சும்மா வந்துவிடவில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் தொடர்ச்சியாக, பி.ஏ., பி.காம். என்று எந்தப் பட்டம் படித்தாலும் சுற்றுச்சூழல் ஒரு கட்டாயத் தாளானது. பல்கலைக்கழக மானியக் குழு அதற்கு வகுத்த பாடத்திட்டத்தில் 50 வகுப்புகள் இருந்தன. அவற்றில் களப்பணிக்கு 5. ஆனால் 100 மதிப்பெண்ணில் 25 களப்பணிக்கே இருந்தது. அருகிலுள்ள ஆற்றையோ குளத்தையோ நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டிய அந்தப் பகுதியை, முந்தைய வருட நோட்டைப் பார்த்து எழுதிக் கொடுத்துத் தப்பித்தவர்கள்தான் இன்று பெற்றோர்களாக இருக்கிறார்கள். ஒரு தாளை வைத்து ஒரு துறையையே எடை போடுகிறார்கள். அந்தத் தாளை அப்படி நடத்திய கல்லூரிகளுக்கும் இதில் பங்குண்டு.

பட்டப்படிப்பில் நடப்பது வேறு. ஒரு குளத்துத் தண்ணீரில் மீன் பிழைக்குமா என்பதை அங்கே ஊகித்துச் சொல்ல முடியாது. காற்றுக் குமிழி ஒன்றுகூட நுழையாமல் குப்பியை நிரப்ப வேண்டும். மாங்கனீசு சல்பேட்டையும் கார அயோடைடையும் விட்டால் பழுப்பாக ஒரு வீழ்படிவு இறங்கும். ஆக்சிஜன் அறவே இல்லாத தண்ணீரில் அது வெள்ளையாகவே நிற்கும். பிறகு அமிலம் விட்டுக் கரைத்து, ஸ்டார்ச் சேர்த்து, தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நீலம் மறையும் சொட்டில் நிறுத்தி, கரைந்திருக்கும் ஆக்சிஜனைக் கணக்கிட வேண்டும். இன்னொரு குப்பியை 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்திருந்து மறுபடி அளந்தால், அந்தக் குளத்தில் எவ்வளவு கழிவு சேர்ந்திருக்கிறது என்பது எண்ணாகக் கையில் இருக்கும். புகார் மனுவுக்கு வலு சேர்ப்பது அந்த எண்.

எல்லை தாண்டி வரும் தண்ணீருக்கான தகராறெல்லாம் அரசியல், அதில் படிப்புக்கு என்ன வேலை என்று கேட்பவர்களும் உண்டு. நெய்யாற்று இடதுகரைக் கால்வாயில் குமரி மாவட்டத்து விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-இல் நின்றது. தமிழ்நாடு 2012-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. நெய்யாறு இரு மாநில ஆறு அல்ல என்கிறது கேரளம். நீர்ப்பிடிப்பின் ஒரு பகுதி தன் மலையில் இருக்கிறது என்கிறது தமிழ்நாடு. யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் மழை எந்த முகட்டில் பிரிந்து எந்தப் பக்கம் இறங்குகிறது என்பதை நிலவரைபடத்தில் கோடு போட்டுக் காட்டத் தெரிந்தவர் வேண்டும். அதைக் கற்றுத் தருவது இந்தப் படிப்பு.

வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி. இளங்கலை மட்டும் வைத்துக்கொண்டு வெகுதூரம் போக முடியாது, எம்.எஸ்சி.யோ வரைபட மென்பொருள் பயிற்சியோ சேர வேண்டும். இதை மறைத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது தவறு. ஆனால் வேலையே இல்லை என்பது பொய். 2006 அறிவிக்கையின்படி பெரிய சுரங்கமோ துறைமுகமோ வருவதற்கு முன் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை வேண்டும். அதை எழுதவும் ஆள் வேண்டும், சரிபார்க்கவும் ஆள் வேண்டும். நம் நெல்வயல் ஏலாக்களையே பாருங்கள். கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டத்தில் ஊராட்சி தோறும் ஒரு குழு உண்டு: தலைவர், கிருஷி ஆபீசர், வில்லேஜ் ஆபீசர், விவசாயிகள். ஒரு நிலம் 2008-இல் வயலாக இருந்ததா, கரை நிலமாக இருந்ததா என்று சந்தேகம் வந்தால் திருவனந்தபுரத்துத் தொலையுணர்வு மையத்தின் செயற்கைக்கோள் படத்தைக் கேட்கிறார்கள். அந்தப் படத்தைப் படித்துச் சொல்பவர் செய்வது சம்பள வேலைதான். காரோட்டைத் தாண்டிக் குமரி மாவட்டத்துக்குள் போனால் நெல்வயலுக்கென்று அப்படியொரு தனிச் சட்டம் இல்லை. ஒரே மண்ணும் ஒரே மழையும் இரண்டு சட்டத்தின் கீழ் என்ன ஆகின்றன என்பதை அருகருகே வைத்து ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

ஆகவே கல்லூரியில் சேர்க்கப் போகும்போது கட்டணத்தோடு இரண்டு விஷயங்களையும் கேளுங்கள்: ஒரு பருவத்தில் எத்தனை நாள் களத்துக்கு அழைத்துப் போவீர்கள்? தண்ணீரைப் பிள்ளைகள் தங்கள் கையால் சோதிக்க ஆய்வகம் இருக்கிறதா?