அந்தி வெளிச்சமும் துப்பாக்கி ஸ்கோப்பும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொழுதுபோக்கு வேட்டைக்கு இடமில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் நிலைமை வேறு. வெள்ளைவால் மான்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைக்க அங்கே உரிமம் பெற்ற வேட்டையை அரசே அனுமதிக்கிறது. வழக்கமான துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15 முதல் 30 வரை. சூரியன் உதிக்க அரை மணி நேரம் இருக்கும்போதிலிருந்து, மறைந்து அரை மணி நேரம் ஆகும்வரை சுடலாம். மான்கள் அதிகம் நடமாடுவதும் இந்த மங்கல் வேளைகளில்தான்.

அதனால் ‘மங்கலிலும் தெரிய வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும்’ என்று ஸ்கோப் (துப்பாக்கிமேல் பொருத்தும் குறிபார்க்கும் தொலைநோக்கி) தேடுவோர் ஏராளம். அவர்கள் காதில் விழும் அறிவுரைகளில் பாதி தவறானவை. தவறான ஸ்கோப்பால் வீணாவது பணம் மட்டுமல்ல. குறி தவறிக் காயப்பட்ட மான் காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடித்துச் சாகும். இந்தத் தவறுகளைத் திருத்தியே ஆகவேண்டும் என்று நான் நினைப்பது அதனால்தான்.

நம்பிக்கை 1: நல்ல ஸ்கோப் இருட்டை வெளிச்சமாக்கும்.

உண்மை: கண்ணாடி லென்ஸால் ஒளியை உண்டாக்க முடியாது. ஸ்கோப்பில் தெரியும் புல்வெளி, வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடப் பிரகாசமாக ஒருபோதும் இருக்காது. லென்ஸ்களைக் கடக்கும்போது கொஞ்சம் ஒளி வீணாவதால் சற்று மங்கலாகவே இருக்கும். அப்படியிருந்தும் ஸ்கோப் உதவுகிறதே, எப்படி? மங்கலில் நம் கண்ணுக்கு நுணுக்கம் பிடிபடாது. உருவம் பெரிதாகும்போது கொம்பும் தோளும் பின்னணியிலிருந்து பிரிந்து தெரிகின்றன. மின்னணு இரவுப் பார்வைக் கருவிகள் வேறு வகை. மான் வேட்டையில் அவற்றைப் பல மாநிலங்கள் அனுமதிப்பதில்லை.

நம்பிக்கை 2: முன் லென்ஸ் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வெளிச்சம்.

உண்மை: முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். ஸ்கோப்பின் பின்பக்கம் வெளிவரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். 40 மி.மீ. லென்ஸை 6 மடங்கில் வைத்தால் அது 6.7 மி.மீ. 56 மி.மீ. லென்ஸானால் 9.3 மி.மீ. ஆனால் இருட்டில் இளைஞரின் கண்பாவையே சுமார் 7 மி.மீ. வரைதான் விரியும். வயது ஏற ஏற அது சுருங்கி, ஐம்பதுகளைத் தாண்டியவர்களில் பலருக்கு 5 மி.மீ. அளவில் நின்றுவிடும். சின்ன வாய்ச் செம்பில் அண்டாவைக் கவிழ்த்தால் வழிந்தோடும் தண்ணீரைப்போல, பாவையைவிடப் பெரிய ஒளிவட்டத்தின் மிச்சம் கண்ணுக்குள் நுழையாது.

பெரிய லென்ஸுக்கு ஏற்ற இடம் உண்டு. ஜெர்மனியில் காட்டுப்பன்றியை இரவிலும் சுடச் சட்டம் இடம் கொடுக்கிறது. நிலா வெளிச்சத்தில் உயர்ந்த பரணில் காத்திருப்பவருக்கு 8×56 (8 மடங்கு, 56 மி.மீ. லென்ஸ்) ஸ்கோப் சரியாக 7 மி.மீ. ஒளிவட்டம் தரும். அதையே மிச்சிகன் காட்டுக்கு வாங்கினால் விலை ஏறும், எடை ஏறும். லென்ஸ் துப்பாக்கிக் குழலில் இடிக்காமலிருக்க ஸ்கோப்பையும் உயர்த்திப் பொருத்த வேண்டும். அப்போது துப்பாக்கிக் கட்டையில் கன்னம் ஒழுங்காகப் படியாது, குறி ஆடும்.

நம்பிக்கை 3: மங்கலில் தெரியாவிட்டால் உருப்பெருக்கத்தை உச்சத்துக்குத் திருப்ப வேண்டும்.

உண்மை: பெரும்பாலும் கொஞ்சம் குறைக்க வேண்டும். அமெரிக்க மான் வேட்டையில் மிகப் பரவலான 3-9×40 ஸ்கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 9 மடங்கில் ஒளிவட்டம் 4.4 மி.மீ. தான். 6 மடங்குக்கு இறக்கினால் 6.7 மி.மீ.; பரப்பில் இரண்டு மடங்குக்கும் மேல். லென்ஸின் விட்டத்தை உங்கள் பாவையின் அளவால் வகுத்தால், அந்தியில் வைக்கவேண்டிய உருப்பெருக்கம் தெரிந்துவிடும். 40 மி.மீ. லென்ஸுக்கு இளைஞருக்குச் சுமார் 6; பாவை 5 மி.மீ. மட்டும் விரியும் மூத்தவருக்கு 8. அதற்குமேல் திருப்பினால் உருவம் பெரிதாகும், கூடவே இருளும்.

விளம்பரங்களில் ‘அந்தி எண்’ என்று ஒன்று வரும். உருப்பெருக்கத்தையும் லென்ஸின் விட்டத்தையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தை எடுப்பார்கள். 10×40க்கு விடை 20. ஒளிவட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத 25×16க்கும் அதே 20தான். கண்ணாடியின் தரமும் இந்தக் கணக்கில் இல்லை. அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள்.

நம்பிக்கை 4: ஸ்கோப்பின் 30 மி.மீ. குழாய் அதிக ஒளியை உள்ளே விடும்.

உண்மை: வெளிவரும் ஒளிவட்டத்தைத் தீர்மானிப்பவை முன் லென்ஸும் உருப்பெருக்கமும். ஒரு அங்குலக் குழாயைவிட 30 மி.மீ. குழாயில் குறியை மேலும் கீழும் நகர்த்த இடம் கூடுதலாக இருக்கும். நெடுந்தூரம் சுடுபவர்களுக்கு அது பயன்படும். காட்டுக்குள் நூறு கஜத்துக்குள் சுடுபவர் குழாயின் பருமனுக்காகப் பணம் கொட்ட வேண்டியதில்லை.

நம்பிக்கை 5: லென்ஸ் கோட்டிங் வெறும் விளம்பரச் சொல்.

உண்மை: குறைந்த விலையில் நல்லதை அடையாளம் காட்டும் முதல் விஷயமே கோட்டிங்தான். பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் ஏறக்குறைய 4 சதவீத ஒளி திரும்பிப் போய்விடும். பத்துப் பரப்புகள் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு காலி. பல அடுக்குப் பூச்சு இந்த இழப்பைப் பரப்புக்கு அரை சதவீதமாகக் குறைத்தால், அதே பத்துப் பரப்புகளைத் தாண்டி 95 சதவீதம் கண்ணுக்கு வந்து சேரும். எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சை 1935இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் உருவாக்கியவர் உக்ரைனில் பிறந்த இயற்பியலாளர் ஒலெக்சாண்டர் ஸ்மாகுலா.

இழந்த ஒளி சும்மாவும் இருப்பதில்லை. குழாய்க்குள் அலைந்து காட்சியின்மேல் வெண்புகைபோலப் படரும். மேற்கு வானம் வெளுத்தும் மரத்தடி கறுத்தும் கிடக்கும் வேளையில், மானை மறைப்பது பெரும்பாலும் இந்தப் படலம்தான்.

பெட்டியில் ‘கோட்டட்’ என்று மட்டும் இருந்தால் ஏதோ ஒரு பரப்பில் ஓர் அடுக்குப் பூச்சு இருந்தாலும் போதும். ‘ஃபுல்லி மல்ட்டி கோட்டட்’ என்றால் காற்றைத் தொடும் எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குகள் என்று பொருள். இந்தச் சொல் இல்லாத ஸ்கோப்பை விலைக்காக வாங்க வேண்டாம். இது உறுதியானபின், 92 சதவீதமா 95 சதவீதமா என்று கவலைப்படவும் வேண்டாம். அவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் கண் உணராது.

நம்பிக்கை 6: ஒளிரும் குறுக்குக்கோடு இருந்தால் மங்கல் ஒரு பொருட்டே இல்லை.

உண்மை: ஒளிரும் கோடு, குறி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டும், மான் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டாது. பிரகாசத்தைக் கூட்டிவைத்தால் கண் கூசி, அரைகுறையாகத் தெரிந்ததும் மறைந்துவிடும். மிகக் குறைந்த அளவுக்கு இறக்க முடிகிற விளக்கானால் சரி. அதற்குப் பணம் போதாவிட்டால் வெளிப்புறம் தடித்து நடுவில் மெலிந்த சாதாரணக் குறுக்குக்கோடே அந்திக்குத் தோதானது. மயிரிழைபோல மெல்லிய கோடுகளும் அளவுப் புள்ளிகளும் நிறைந்தது வெளிச்சம் குறைந்ததும் காணாமல் போகும்.

நம்பிக்கை 7: கடையில் கண் வைத்துப் பார்த்தாலே தரம் தெரிந்துவிடும்.

உண்மை: கடை விளக்கின் கீழ் உங்கள் பாவை 2, 3 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருக்கும். அங்கே எல்லா ஸ்கோப்பும் பளிச்சென்றுதான் தெரியும். துப்பாக்கியில் பொருத்தாத இரண்டு ஸ்கோப்புகளை அந்தி நேரத்தில் வெளியே கொண்டுவந்து பார்க்கக் கடைக்காரரிடம் கேளுங்கள். இரண்டையும் ஒரே உருப்பெருக்கத்தில் வைத்து, மரத்தடி இருட்டில் இலைகளின் விளிம்பு எதில் பிரிந்து தெரிகிறது என்று பாருங்கள். பிறகு சூரியன் மறைந்த திசைப் பக்கம் திருப்பி, எதில் வெண்படலம் குறைவு என்று கவனியுங்கள். கண் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும். நடுவில் செல்போன் திரையைப் பார்த்தால் பழக்கியது கெட்டுவிடும்.

நம்பிக்கை 8: புதரில் அசைவது என்னவென்று ஸ்கோப் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

உண்மை: இந்த எட்டில் உயிரைப் பறிக்கக்கூடியது இதுதான். ஸ்கோப் எங்கே பார்க்கிறதோ அங்கேதான் குழலும் நீள்கிறது. அசைவது இன்னொரு வேட்டைக்காரராகவோ காட்டுக்குள் நடக்க வந்தவராகவோ இருக்கலாம். இனங்காண்பதற்குத் தனியாக ஒரு பைனாகுலர் கட்டாயம் வேண்டும். 8×42 பைனாகுலர் 5 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட ஒளிவட்டம் தரும், அந்திக்குப் போதும். எல்லாப் பணத்தையும் ஸ்கோப்பில் போடாமல் இதற்கு ஒரு பங்கை முதலிலேயே ஒதுக்குங்கள்.

கையில் அளவான பணத்தோடு வருபவருக்கு என் பரிந்துரை இதுதான்: எல்லாப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சுள்ள 3-9×40 ஸ்கோப், அல்லது மாறாத உருப்பெருக்கமுள்ள 6×42, அதில் தடித்த எளிய குறுக்குக்கோடு, மீதிப் பணத்தில் பைனாகுலர். சட்டம் தரும் அந்த அரை மணி நேரம் உச்ச வரம்பு மட்டுமே. மேகம் மூடிய மாலையில் உங்கள் கண்ணின் வரம்பு அதற்கு முன்பே முடிந்துவிடும். மானின் தோள்விளிம்பும் அதன்மேல் குறுக்குக்கோடும் தெளிவாகத் தெரியாத நொடியிலேயே அன்றைய வேட்டையை முடித்துக்கொண்டு தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஸ்கோப்பானாலும் அந்த முடிவை உங்களுக்காக எடுக்காது.