சாமி விளக்கை ஊதலாமா? குட்டிப் பிள்ளைகளோடு ஒரு திருக்கார்த்திகை



தீபாவளிக்கு லீவு உண்டு. திருக்கார்த்திகைக்கு லீவு கிடையாது. அன்றைக்குச் சாயங்காலம் நம்மில் பாதிப் பேர் லேப் ரிப்போர்ட் எழுதிக்கொண்டு இருப்போம், மீதிப் பேர் கம்யூட்டர் ரயிலில் நின்றுகொண்டு இருப்போம். வீட்டில் அம்மா வாசலில் இரண்டு அகல் வைப்பார். அதோடு பண்டிகை முடிந்தது.

நானும் அப்படித்தான் இருந்தேன். என் அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். பெரியவனுக்கு இப்போது மூன்று வயது, சின்னவளுக்கு ஒன்றரை. 2024 கார்த்திகை அன்று பெரியவனுக்கு இரண்டு வயது. “தம்பி, கொஞ்சம் பார்த்துக்கோ”ன்னு சொல்லிட்டு அக்கா உள்ளே போனாங்க. நான் பார்த்தேன், கைப்பேசியை. அந்த இடைவெளியில் அவன் விளக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்து, “ஹேப்பி பர்த்டே” பாடி, கைதட்டி, ஊதினான். எண்ணெய் தெறித்து அவன் கை மேல் பட்டது.

காயம் சின்னதுதான். பற்பசை எடுக்க ஓடிய அம்மாவை நிறுத்தி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் கையைப் பிடித்திருந்தோம். எண்ணெய், பற்பசை, ஐஸ் எதுவும் தீக்காயத்தில் போடக்கூடாது என்பதை எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காயம் ஆறிவிட்டது. ஆனால் அக்கா, “அடுத்த வருஷம் பேட்டரி விளக்குதான், பேச்சே இல்லை”ன்னு முடிச்சிட்டாங்க. அம்மா ஒன்றும் பேசவில்லை. ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் பாட்டியோடு அகல் ஏற்றி வளர்ந்தவர் அவர். தப்பு என்னுடையது, தண்டனை அவருக்கு.

அக்கா மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என்னை உறுத்தியது வேறு. அந்தப் பையன் நெருப்பைப் பக்கத்தில் பார்த்தது பிறந்தநாள் கேக்கில் மட்டும்தான். தீ என்றால் ஊத வேண்டும் என்றுதான் அவன் கற்றிருக்கிறான். வேறு எதையும் நாங்கள் கற்றுக்கொடுக்கவில்லை.

நாம் கற்றுக்கொடுக்க என்னதான் இருக்கிறது? முதலில் நாமே கொஞ்சம் தெரிந்துகொள்வோம். கார்த்திகை என்பது வானத்தில் நெருக்கமாகத் தெரியும் ஒரு சிறு நட்சத்திரக் கூட்டம். கூர்மையான கண்ணுக்கு ஆறு நட்சத்திரங்கள் தெரியும். கார்த்திகை மாதத்தில் சூரியன் விருச்சிகத்தில் இருக்கிறது. முழுநிலவு சூரியனுக்கு நேர் எதிரில் இருக்கும். அதனால் நிலவு அப்போது இந்தக் கூட்டத்தின் அருகே வருகிறது. நம் முன்னோர் நாள் குறித்ததில் கணக்கு இருக்கிறது, பொறியியல் படிக்கிற எனக்கு அதில் ஒரு சந்தோஷம். பழக்கமும் பழையது. சங்க இலக்கியமான அகநானூற்றில் கார்த்திகை விளக்கு வருகிறது. 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பதிகத்தில் இதற்கு ‘விளக்கீடு’ என்றே பெயர். லீவு இல்லை என்பதற்காக இதைச் சின்னப் பண்டிகை என்று நினைத்துவிடாதீர்கள்.

இதையெல்லாம் மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் எழுந்து ஓடிவிடும். நான் சொல்லிப் பார்த்தேன், ஓடிவிட்டான். அடிமுடி தேடிய கதையை நடித்துக் காட்டினேன். பிரம்மா அன்னமாக மேலே பறக்க, திருமால் பன்றியாகக் கீழே தோண்டின கதை. அவனுக்குப் பன்றி மட்டும் பிடித்தது. இரண்டு நாள் சோபாவுக்கு அடியில்தான் இருந்தான்.

பிடிபட்டது இன்னொரு கதை. சரவணப் பொய்கையில் ஆறு குழந்தைகளை ஆறு கார்த்திகைப் பெண்கள் எடுத்து வளர்த்தார்கள் அல்லவா? “முருகன் பாப்பாவுக்கு ஆறு அம்மா. உனக்கு யார் யார் சோறு ஊட்டுவா?”ன்னு கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். அம்மா, பாட்டி, அத்தை, தாஸ்கா டீச்சர், பக்கத்து வீட்டு மக்சிக். ஐந்து. கொஞ்சம் யோசித்துவிட்டு என்னைக் காட்டினான். பெண்கள் கணக்கில் என்னைச் சேர்த்ததற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. சில வீடுகளில் 27 நட்சத்திரத்துக்கு 27 விளக்கு வைப்பார்கள். எங்கள் வீட்டில் 2025-இல் ஆறு போதும் என்று முடிவு செய்தோம்.

இப்போது ஊதுகிற விஷயம். “ஊதாதே” என்று சொன்னால் சின்னப் பிள்ளையின் காதில் ‘ஊது’ மட்டும்தான் விழும். வாய்க்குத் தடை போடுவதை விட்டுவிட்டு, கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டும். அக்டோபர் கடைசியிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். சாமி மேடையில் அம்மா விளக்கு ஏற்றுவார். நான் அவனை மடியில் வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்தே கையை நீட்டி, கண்ணில் ஒற்றிக்கொள்ளச் செய்வேன். முதல் இரண்டு வாரமும் ஊதினான். மூன்றாவது வாரம் கை போனது, வாயும் போனது. நான்காவது வாரம் கை மட்டும். அணைப்பதையும் காட்டினோம். “சாமி விளக்கைக் குளிர வைக்கணும்”ன்னு சொல்லி அம்மா பூவால் திரியை அமர்த்துவார். கேக்கில் ஊதலாம், இங்கே பூ. இந்த வித்தியாசம் அவனுக்குப் புரிந்தது. சின்னவளுக்குப் புரியவில்லை, புரிகிற வயதும் இல்லை. அவளை ஒருவர் தூக்கிவைத்திருப்பதுதான் ஒரே வழி.

அக்காவிடம் இதையெல்லாம் காட்டித்தான் அனுமதி கேட்டேன். அவங்க மூன்று நிபந்தனை போட்டாங்க. விளக்குகள் தண்ணீர் ஊற்றிய பெரிய தாம்பாளத்தில்தான் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பருத்திச் சட்டை மட்டும், பளபளக்கிற பாலியெஸ்டர் பாவாடை வேண்டாம். என் கைப்பேசி அவங்க கையில் இருக்க வேண்டும். மூன்றும் நியாயம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனியுங்கள். நடைபாதையில் வரிசையாக வைத்து ஆள் போகிற வழியை அடைக்காதீர்கள், காற்றும் அங்கேதான் அதிகம்.

டிசம்பர் 3, புதன்கிழமை. காலையில் அகல்களைத் தண்ணீரில் ஊறப்போட்டது பெரியவன். புது அகல் எண்ணெய் குடிக்கும், ஊறினால் குடிக்காது. குமிழி வருவதைப் பார்த்து அரைமணி நேரம் அசையவில்லை. அப்பத்துக்கு வாழைப்பழம் பிசைந்தது சின்னவள், தலைமுடி வரைக்கும். பொரி உருண்டை அம்மா செய்தார். தேங்காய்ச் சில்லு, கடலை போட்ட உருண்டை இந்த வயதுக்கு வேண்டாம், தொண்டையில் அடைக்கும். அவர்களுக்கு அப்பத்தைப் பிய்த்துக் கொடுத்தோம்.

ஏழு மணி தாண்டி இருட்டியதும் ஏற்றினோம். பெரியவன் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு பெயர் சொன்னான். “இது பாட்டி, இது மக்சிக்.” கை நீட்டி ஒற்றிக்கொண்டான். நிலவைக் காட்ட பால்கனிக்குப் போனோம், ஒரே மேகம். திருவண்ணாமலையில் மாலை 6 மணிக்கு மகாதீபம் ஏற்றும்போது நமக்கு இரவு 8.30. நேரலை பார்க்கலாம் என்று திட்டம் போட்டிருந்தேன், 8 மணிக்கே இரண்டும் தூங்கிவிட்டன. பெரிய ஆட்கள் மட்டும் பார்த்தோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். தூங்கப் போவதற்கு முன்னால் எல்லாரும் திரும்பிய நேரத்தில், ‘மாமா’ என்று பெயர் வைத்த விளக்கை அவன் ஊதிவிட்டான். தாம்பாளம் தள்ளி இருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அவங்க என்னைத் திட்டவில்லை. தீப்பெட்டியை எடுத்து, அந்த ஆறாவது விளக்கை அவங்களே திரும்ப ஏற்றினாங்க. பேட்டரி விளக்கு டப்பா இன்னும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது.