ஊசிக்கு முன்னால் பட்டியலைப் பார், தங்கச்சி!

கொரோனாதான் போய்விட்டதே, இனி எதற்கு அக்கா இந்தக் கதை என்று கேட்காதே. 2021இல் நம் மலைநாட்டில் ஒரு ஊசிக்காக அலைந்த அலைச்சலை மறந்துவிட்டால், அடுத்த தொற்று வரும்போதும் அதே மழையில் அதே கேட் வாசலில்தான் நிற்போம்.

இலங்கையில் முதல் ஊசி 2021 ஜனவரி 29ஆம் திகதி போடப்பட்டது. இந்தியா அன்பளிப்பாகத் தந்த 5 லட்சம் கோவிஷீல்டில் தொடங்கினார்கள், அதற்குமேல் இன்னும் கொஞ்சம் வந்தது. பிறகு இந்தியாவிலேயே தொற்று பெருகி ஏற்றுமதி நின்றது. முதல் ஊசி போட்ட சுமார் 6 லட்சம் பேர் இரண்டாவதுக்குக் காத்துக் கிடந்தார்கள். ஜூலைக் கடைசியில் ஜப்பான் தந்த மருந்து வந்துதான் அந்தச் சிக்கல் தீர்ந்தது. நம் பக்கம் பெரும்பாலானவர்களின் கையில் ஏறியது சீனாவின் சினோஃபார்ம். மருந்துத் தட்டுப்பாடு யார் கையிலும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். வந்த மருந்தை யாருக்கு, எங்கே, என்றைக்குப் போடுவது என்று ஒழுங்காகச் சொல்லாததை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கொழும்புக்குப் பக்கத்தில் மொரட்டுவையிலேயே டோக்கன் தகராறு முற்றி, மே மாதக் கடைசியில் மாநகர முதல்வரே கைதானார். அங்கேயே அந்தக் கதி என்றால் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவயிலும் மலை உச்சியில் இருக்கிற தோட்ட டிவிஷனுக்கு எந்தச் செய்தி சரியாக வந்து சேரும்?

தோட்டத்து ஜனம் ஊசிக்குப் பயந்து ஒளிகிறது என்று டவுனில் பேசினார்கள். பயந்தவர்கள் கொஞ்சம் பேர் இருந்தார்கள். “உன் பேர் இதில் இல்லை, போய் வா” என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அதைவிட அதிகம் என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. எந்தப் பட்டியல் என்று முதலில் கேள். “பேர் கொடுத்தாச்சு” என்று சும்மா இருந்துவிடாதே. தோட்டத்தில் மூன்று பட்டியல் ஓடும். கிராம சேவகரான ஜி.எஸ். ஐயாவிடம் இருப்பது வாக்காளர் இடாப்பு. தோட்ட ஆபீசில் இருப்பது வேலையாட்களின் சம்பளப் பதிவான செக்ரோல். மிட்வைஃப் கையில் இருப்பது கர்ப்பிணிகளும் சின்னப் பிள்ளைகளும் இருக்கிற குடும்பங்களின் பதிவு. ஒவ்வொன்றிலும் ஒரு கூட்டம் விடுபடும். செக்ரோலைப் பார்த்துப் பேர் எழுதினால், வேலையிலிருந்து ஓய்வு பெற்று லயத்தில் இருக்கிற அப்பா அதில் இல்லை. ஊசி முதலில் தேவைப்பட்டதே அவருக்குத்தான். வாக்காளர் இடாப்பைப் பார்த்தால், கலியாணம் முடித்து வேறு தோட்டத்துக்கு வந்த மருமகள் பேர் தாய்வீட்டுத் தோட்டத்தில் கிடக்கும். கொழும்பில் கடையில் நிற்கிற தம்பிமார் பாடு இன்னும் மோசம். அங்கே கேட்டால் “உங்கள் ஊரில் போடுங்கள்” என்றார்கள். 2021 ஆகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை ஊரடங்கு வந்து வீட்டுக்கு ஓடி வந்தால், “வேலை செய்கிற இடத்தில் போடுங்கள்” என்றார்கள். ஆகவே வீட்டில் இருக்கிற ஒவ்வொரு தலைக்கும் எந்தப் பட்டியலில் பேர் இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வை. எதிலும் இல்லாதவரின் பேரை ஜி.எஸ்.ஸிடம் எழுத்தில் கொடு. கொடுத்ததன் போட்டோ கொப்பியில் திகதியும் கையெழுத்தும் வாங்கு. வாயால் சொன்னது வாசலோடு போச்சு.

2. அடையாள அட்டையை நாளைக்குத் தள்ளாதே. 15 வயது நிரம்பினால் விண்ணப்பிக்கலாம். படிக்கிற பிள்ளைக்குப் பாடசாலை அதிபர் உறுதிப்படுத்துவார், தோட்டத்தில் குடியிருப்பவருக்குத் தோட்ட அதிகாரியே உறுதிப்படுத்தலாம். இது தெரியாமல் எத்தனை பேர் டவுனுக்கும் தோட்டத்துக்கும் பஸ் காசு செலவழித்தார்கள்! பிறப்புச் சான்றிதழே இல்லை என்றால் வேலை அங்கிருந்து தொடங்கும், மாதக்கணக்கு ஆகும். ஊசி முகாம் அறிவித்த பிறகு ஓடினால் ஒன்றும் நடக்காது.

3. பேரின் எழுத்தைச் சரிபார். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம், அடையாள அட்டையில் இன்னொரு விதம், ஊசி அட்டையில் மூன்றாவது விதம். வீட்டு வேலைக்கு வெளிநாடு போகிற அக்காமார் இதில்தான் மாட்டினார்கள். கியூ.ஆர். குறியீடு போட்ட தடுப்பூசிச் சான்றிதழில் இருக்கிற பேர் பாஸ்போர்ட்டோடு ஒத்துப்போக வேண்டியிருந்தது. எழுதுகிறவர் அவசரமாகத்தான் எழுதுவார். நீ அடையாள அட்டையை நீட்டி, “இதில் இருக்கிற மாதிரியே எழுதுங்கள்” என்று சொல். எழுதி முடித்ததும் அங்கேயே நின்று வாசித்துப் பார். பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

4. படிவம் தமிழில் வேண்டும் என்று கேள். நுவரெலியா, அம்பகமுவ இரண்டும் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழியிலும் நிர்வாகம் நடக்க வேண்டிய பிரதேச செயலகப் பிரிவுகள். கேட்பது சலுகை இல்லை. புரியாத தாளில் கையெழுத்து வைக்காதே, வேறு எதுவும் சொல்ல மாட்டேன்.

5. வாட்ஸ்அப் செய்தியை நம்பி மலை இறங்காதே. “நாளைக்கு ஹட்டனில் எல்லாருக்கும் ஊசி” என்று ஒன்று வரும். அதில் திகதி இருக்காது, எந்த வயதுக்கு என்று இருக்காது, போன மாதச் செய்தியாகவும் இருக்கும். டிஸ்பென்சரிக்கோ சுகாதார வைத்திய அதிகாரியின் எம்.ஓ.எச். ஆபீசுக்கோ ஒரு போன் போடு. அந்த நம்பரை இன்றைக்கே போனில் ஏற்று. யாரும் எடுக்கவில்லையென்றால் அரசாங்கத் தகவல் நிலையம் 1919, தமிழிலும் பேசலாம். லயத்துக்கு ஒருத்தர் விசாரித்தால் போதும், பத்து வீடும் போன் அடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

6. அன்றைய வேலைப் பேர் போகாமல் பார்த்துக்கொள். 2021 மார்ச்சில்தான் ஒரு நாள் சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. கையோடு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவையும் கூட்டினார்கள். அந்த நேரத்தில் ஊசிக்குப் போனதற்கு அரைநாள் சம்பளம், அதாவது அரைப்பேர், போட்டுவிட்டால் யார் போவார்கள்? வரிசையில் இல்லாத பெண்களைக் குறை சொன்னவர்கள் இதை யோசிக்கவில்லை. முகாம் திகதி தெரிந்த உடனே தோட்டத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போய் ஆபீசில் பேசுங்கள். ஊசி நாளுக்கு முழுப்பேர் உண்டா, கிலோ குறையுமா, மறுநாள் காய்ச்சல் வந்தால் என்ன? தனியாகப் போய்க் கேட்காதே, பத்துப் பேராகப் போ. பதிலை எழுத்தில் வாங்கு.

7. விடியற்காலை மூன்று மணி வரிசை வேண்டாம். நுவரெலியாப் பனியில் நெஞ்சுச்சளி உள்ள அம்மாவைக் கொண்டுபோய் நிறுத்துவதா? கூட்டத்தில் இடித்துக்கொண்டு நின்றே தொற்று வாங்கிக்கொண்டு வரலாம். டோக்கன் முறை என்றால் டோக்கன் கையில் கிடைத்த பிறகு போ. டோக்கனுக்குக் காசு கேட்டால் கொடுக்காதே, யார் கேட்டார் என்று எம்.ஓ.எச். ஆபீசில் சொல்.

8. வயிற்றுப் பிள்ளைக்காரி பொது வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2021 ஜூனில் கர்ப்பிணிகளுக்கும் ஊசி தொடங்கியபோது கிளினிக் வழியாக விசாரித்தவர்கள் அலையாமல் போட்டுக்கொண்டார்கள். மிட்வைஃபிடம் கேள். நடக்க முடியாத பாட்டி, தாத்தா இருந்தால் அவர்கள் பேரை டிஸ்பென்சரியில் தனியாக எழுதிக் கொடுத்து, வீட்டுக்கு வந்து போட ஆள் அனுப்புவார்களா என்று கேள். நாலு பேர் தூக்கிக்கொண்டு படி இறங்குகிற வேலையைக் கடைசியாக வை.

9. அன்றைக்கு வெறும் வயிற்றோடு போகாதே. ரொட்டி சாப்பிடு, தண்ணீர்ப் போத்தல் எடு, கை சுலபமாகச் சுருட்டுகிற சட்டை போடு. அலர்ஜி, பிரஷர், சீனி வருத்தம் எல்லாவற்றையும் வெட்கப்படாமல் சொல். ஊசி போட்ட பின் இருக்கச் சொன்ன நேரம் இரு, பஸ் போய்விடும் என்று ஓடாதே. காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் போதும். மறுநாள் தலைசுற்றினால் சரிவான மலைக்கு ஏறாதே.

10. ஊசி அட்டையைப் படம் எடு. எந்த ஊசி, என்ன திகதி, அடுத்தது எப்போது என்று மூன்றும் அதில் இருக்கிறதா பார். சினோஃபார்முக்கு நாலு வாரம், கோவிஷீல்டுக்கு 12 வாரம் என்று இடைவெளி ஊசிக்கு ஊசி மாறியது. பக்கத்து வீட்டுத் திகதியைப் பார்த்துப் போய் ஏமாந்து திரும்பியவர்கள் உண்டு. ஊசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை எல்லாவற்றின் கொப்பியையும் பொலித்தீன் பையில் போட்டு ஆணியில் மாட்டு. இன்னொரு தொகுதி டவுனில் இருக்கிற உறவு வீட்டில் இருக்கட்டும். 2025 நவம்பர்க் கடைசியில் டித்வா புயல் மழையில் மண் சரிந்து வீடுகள் போனபோது கடதாசிகளும் சேர்ந்தே போயின.

11. இது பட்டியல் போடுகிற ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும். உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஒரே ஜி.எஸ். பிரிவுக்குள் எத்தனை டிவிஷன், எத்தனை லயம்! பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களான பி.எச்.ஐ.மாரும் மிட்வைஃப்மாரும் ஞாயிறு பார்க்காமல் உழைத்ததைக் கண்ணால் கண்டேன். ஆனாலும் இதைச் செய்யுங்கள். திகதியை இரண்டு நாளுக்கு முன்னாலேயே காலையில் வேலைக்குக் கூடுகிற பிரட்டுக்களத்திலும் கோயில் ஒலிபெருக்கியிலும் தமிழில் சொல்லுங்கள். பட்டியலைப் பிள்ளைக்காம்பராச் சுவரில் ஒட்டுங்கள், விடுபட்டவர் முன்கூட்டியே வந்து சொல்வார். மலை வேலை முடிந்து நாலு மணிக்கு மேல் வருகிறவர்களுக்கு ஒரு மேசை வையுங்கள். எத்தனை பேருக்கு மருந்து இருக்கிறதோ அந்த எண்ணிக்கையைக் காலையிலேயே சொல்லிவிடுங்கள். மருந்து முடிந்துவிட்டால் மிச்சம் நிற்பவர்களின் பேரை எழுதிக்கொண்டு, அவர்களுக்கு என்றைக்கு என்று சொன்ன பிறகு கேட்டைச் சாத்துங்கள்.