பளபளக்கும் பாத்திரமும் செந்நிறக்கீழ்க் கதிர் வெப்பமானியும்

2020 இல் கொவிட் தொற்றுப் பரவிய காலத்தில், நெற்றிக்கு நேரே பிடித்து உடல் வெப்பநிலையை வாசித்த வெப்பமானி உங்களுக்கு நினைவிருக்கும். உடலைத் தொடாமல் அது எவ்வாறு வாசித்தது?

எல்லாப் பொருள்களும் தமது வெப்பநிலைக்கேற்பச் செந்நிறக்கீழ்க் கதிர்களைக் காலுகின்றன. இக்கதிர்ப்பின் சக்தியை உணரி அளக்க, உபகரணம் அதனை வெப்பநிலையாக மாற்றிக் காட்டுகின்றது. சில உபகரணங்களிலிருந்து வரும் சிவப்பு லேசர்ப் புள்ளி குறிபார்ப்பதற்கு மட்டுமே. அது எதையும் அளப்பதில்லை.

ஆனால் ஒரே வெப்பநிலையிலுள்ள எல்லா மேற்பரப்புகளும் சம அளவில் கதிர்ப்பைக் காலுவதில்லை. அதே வெப்பநிலையிலுள்ள பூரண கரும்பொருள் காலும் சக்தியில் எத்தனை பங்கை ஒரு மேற்பரப்பு காலுகின்றதோ, அதுவே அம்மேற்பரப்பின் காலற்றிறன் ஆகும். இது ஒரு விகிதமாதலால் அலகு இல்லை. மனிதத் தோலுக்கு ஏறத்தாழ 0.98, நீருக்கு 0.96. நன்கு மினுக்கிய அலுமினியத்துக்கோ ஏறத்தாழ 0.05 மாத்திரமே.

வினா: அறை வெப்பநிலை 30 பாகை செல்சியஸ். மினுக்கிய அலுமினியப் பாத்திரமொன்றில் 80 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நீர் உள்ளது. பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைக் குறிபார்த்தபோது வாசிப்பு ஏறத்தாழ 33 பாகையாக இருந்தது. காரணம் யாது? சரியான வாசிப்பைப் பெறுவது எவ்வாறு?

விடை: பெரும்பாலான உபகரணங்கள் காலற்றிறனை 0.95 எனக் கொண்டே கணிக்கின்றன. இப்பாத்திரம் காலுவது மிகச் சொற்பம். உணரியை அடையும் கதிர்ப்பின் பெரும்பகுதி, அறைச் சுவர்களிலிருந்து வந்து பாத்திரத்தில் தெறித்ததாகும். எனவே உபகரணம் பெரும்பாலும் அறையின் வெப்பநிலையையே வாசிக்கின்றது. (33 தானே என்று பாத்திரத்தைத் தொட்டால் கை சுடும்!) வெந்நீர் ஊற்ற முன்னர் பாத்திரத்தின் வெளிப்பக்கத்தில் கறுப்பு மின்காவலி நாடாத் துண்டொன்றை ஒட்டுக. நாடாவின் காலற்றிறன் ஏறத்தாழ 0.95. நீரை ஊற்றிச் சில நிமிடங்களின் பின்னர், நாடா மட்டும் பார்வைப் பரப்பினுள் அடங்குமாறு கிட்டப் பிடித்து வாசிக்குக.

மாணவர் அதிகம் தவறுமிடம் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் கொண்டு இக்காலற்றிறனைத் தீர்மானிக்க முடியாது. வெள்ளைக் கடதாசியும் இக்கதிர்களை நன்கு காலும். அதன் பெறுமானம் ஏறத்தாழ 0.9. தோல் கறுப்பாயினும் வெளுப்பாயினும் பெறுமானம் ஏறத்தாழ ஒன்றே. "வெண்ணிறமாதலால் குறைவாகக் காலும்" என எழுதிப் புள்ளியை இழக்க வேண்டாம். இங்கு கவனிக்க வேண்டியது உலோகத்தின் மினுக்கம்.

பயிற்சி: நாடா ஒட்டாத அதே பாத்திரத்தினருகே தணலடுப்பு ஒன்று வைக்கப்பட்டால் வாசிப்புக் கூடுமா, குறையுமா? தெறிப்பைக் கருதி விளக்குக.