ஹண்ட் அச்சகத்து எழுத்தைக் கணினிக்குக் கொண்டுவர

வின்சுலோவின் தமிழ் – ஆங்கில அகராதியை 1862இல் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அச்சிட்டார். அந்தக் காலத்து எழுத்தைக் கணினியில் தட்டச்சு செய்யும்படி மீட்டெடுக்க முடியும். பெரிய நிறுவனம் வேண்டாம், பொறுமை வேண்டும்.

முதலில் ஒரே புத்தகம், அதிலும் ஒரே அளவு எழுத்து என்று முடிவு செய்யுங்கள். ஈய எழுத்தில் ஒவ்வொரு அளவும் தனித்தனியாக வெட்டப்பட்டது. தலைப்பெழுத்தையும் உரையெழுத்தையும் கலந்தால் எந்த அச்சகத்திலும் இல்லாத எழுத்துரு ஒன்றுதான் பிறக்கும். அகராதியைத் தேர்ந்தால் அபூர்வமான உயிர்மெய்களும் அகப்படும். தரமணி ரோஜா முத்தையா நூலகம், பெசன்ட் நகர் உ.வே.சா. நூலகம் இரண்டிலும் பழைய பதிப்புகளைத் தேடலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகப் படிகள் புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க உதவும். வரைவதற்கு அங்குலத்துக்கு 1200 புள்ளி அளவிலாவது படம் வேண்டும். நூலக அனுமதியோடு, நூலை அழுத்தாமல், பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுங்கள்.

அடுத்தது, என் கணிப்பில், மொத்த வேலையின் உயிர்நாடி. ஒவ்வொரு எழுத்துக்கும் பத்துப் பதிவுகளையாவது வெட்டியெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். எல்லாவற்றிலும் மாறாமல் நிற்கும் கோடு ஈயத்தினுடையது. பதிவுக்குப் பதிவு மாறுவது மையும் தாளும் தேய்மானமும். மாறாத கோட்டை மட்டும் வரையுங்கள். மென்பொருளின் தானியங்கி வரைவை நம்பினால் மைக்கசிவும் எழுத்தாகிவிடும். வரைய உதவும் இன்க்ஸ்கேப், எழுத்துரு ஆக்க உதவும் ஃபான்ட்ஃபோர்ஜ் இரண்டும் இலவச மென்பொருள்கள்.

247 எழுத்தையும் தனித்தனியாக வரைய வேண்டியதில்லை. கொம்பையும் துணைக்காலையும் ஒருமுறை வரைந்தால் போதும். உகர, ஊகார உயிர்மெய் 36க்கும் தனி வடிவம் தேவை. டி, டீ தனியாக நிற்கும். கிரந்த எழுத்துகளையும், பழைய நூல்களில் வரும் ௵, ௳ போன்ற குறிகளையும் விட்டுவிடாதீர்கள்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, ளை, னை, ணா, றா, னா வடிவங்களில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இவற்றுக்குத் தனிக் குறியீட்டெண் தேடாதீர்கள். யூனிகோடில் அவை இல்லை, தேவையும் இல்லை. வழக்கமான எழுத்தைத் தட்டச்சிட்டால் பழைய வடிவம் தோன்றும்படி ஓப்பன்டைப் விதி எழுத வேண்டும். ஒரு நுணுக்கம்: நாம் ‘ல’வுக்குப் பின் ஐகாரக் குறியைத் தட்டினாலும், உரையைக் கோக்கும் நிரல் அந்தக் குறியை முன்னே நகர்த்திவிடுகிறது. ஆகவே விதியில் குறி முதலில், ‘ல’ அடுத்து வர வேண்டும். அதை ‘பிரெஸ்’ (pres) என்ற ஓப்பன்டைப் கூறில் எழுதுங்கள். துணைக்கால் சேர்க்கைகளுக்கு ‘பிஎஸ்டிஎஸ்’ (psts). பழைய வடிவமே இயல்பாக வரட்டும்; புதியவற்றை விருப்பத் தொகுப்பில் வையுங்கள். அத்தொகுப்பை அறியாத மென்பொருள்கள் உண்டு, அவற்றிலும் பழைய முகம் தப்பிக்கும்.

எழுத்திடைவெளியை மூலப் பக்கத்தோடு ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பிறகு அதே பக்கத்தைப் புதிய எழுத்துருவில் கோத்து, அதே அளவில் அச்சிட்டு, மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் பழைய எழுத்தில் படித்து வளர்ந்த பெரியவர்களிடம் கொடுங்கள். அவர்கள் கண் எந்த எழுத்தில் தயங்குகிறதோ அதைத் திரும்ப வரையுங்கள். வெளியிடும்போது எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தைச் சேர்த்து, மூலநூலின் பெயர், ஆண்டு, அச்சகம் மூன்றையும் கோப்பின் விவரப் பகுதியில் பதியுங்கள்.